சுண்டைக்காய் கால் பணம், விளக்குக் கூலி முக்கால் பணம்



நம் உறுப்பினர்கள் சிலரிடையே சமீப காலமாக ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. சும்மா கிடக்கும் குடோனில் வரிசையாக ரேக் அடித்து, ஏ.சி. போட்டு, எல்.இ.டி. விளக்குகளைத் தொங்கவிட்டால் போதுமாம். வெயிலும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், மழையைப் பற்றிய கவலையும் வேண்டாம். சென்னைக்குள்ளேயே வருடம் முழுவதும் ஸ்ட்ராபெர்ரி பறிக்கலாமாம். இந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டு ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் செல்போனில் படம் பார்த்துவிட்டு, "அப்பா, நாமும் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள்.

கொத்தவால் சாவடியில் தொழில் பழகி, 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியபோது அங்கே வந்து, இன்று வரை பழ மொத்த வியாபாரத்திலேயே இருப்பவன் என்ற முறையில் இதைப் பற்றி என் கருத்தைச் சொல்வது கடமை என்று நினைக்கிறேன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்துவிட்டவன் நான். விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்கு நல்ல வேலைக்காரன். வெயிலுக்குக் கூடமாட ஒத்தாசையாக நின்றால் சம்பாதித்துக் கொடுப்பான். வெயிலுக்குப் பதிலாகவே அவனை நிறுத்தினால், நம் ஊர் விலைக்கு அவன் சம்பளத்தைக் கொடுத்து மாளாது. எனவே கடை முதலை எடுத்து இதில் போடாதீர்கள்.

இது பொய்த் தொழில் அல்ல

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அறைக்குள் ஸ்ட்ராபெர்ரி காய்ப்பது கட்டுக்கதை அல்ல. அது குளிர்ப் பிரதேசத்துச் செடி. பகலில் இருபது, இருபத்தைந்து டிகிரி, இரவில் அதைவிடக் குறைவு என்று வைத்துக்கொண்டால் சந்தோஷமாக வளரும். தேங்காய் நார்க்கழிவில் நட்டு, தண்ணீரிலேயே உரத்தைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். நாளுக்குப் பன்னிரண்டு, பதினாறு மணி நேரம் விளக்கு எரிகிறது. செடிக்கு வேண்டிய சிவப்பு, நீல ஒளியை எல்.இ.டி. விளக்கு நன்றாகவே கொடுக்கிறது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானியர்களான அகாசாகி, அமானோ, ஜப்பானில் பிறந்த நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்த விளக்கு வந்ததால்தான் இந்தத் தொழிலே பெரிய அளவில் கிளம்பியது.

பூ பூத்தால் மகரந்தம் சேர வேண்டும். அடைத்த அறைக்குள் காற்றும் இல்லை, வண்டும் இல்லை. ஆகவே சிலர் அறைக்குள்ளேயே தேனீக்கூடு வைக்கிறார்கள். சிலர் அளவாகக் காற்றை வீசிப் பூவை ஆட்டிவிடுகிறார்கள். அது சரியாக நடக்காவிட்டால் பழம் கோணல் மாணலாக வரும். அந்தப் பழத்தை நம்மில் யார் முதல் தரத்தில் சேர்ப்போம்?

பழத்தின் குணமும் இந்த யோசனைக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. வாழை, மா, சப்போட்டா எல்லாம் காயாக வந்து நம் மண்டியில் பழுக்கும். ஸ்ட்ராபெர்ரி அப்படி அல்ல. செடியில் எவ்வளவு இனிப்பு ஏறியதோ அவ்வளவுதான். பறித்த பிறகு நிறம் கொஞ்சம் கூடலாம், இனிப்பு கூடாது. தூர தேசத்துக்கு அனுப்புகிறவர் லாரியில் தாங்க வேண்டும் என்று கொஞ்சம் முன்னதாகவே பறிக்கிறார். ஊருக்குள்ளேயே விளைந்தால் முழுக்கப் பழுக்கவிட்டுப் பறிக்கலாம். மழை பட்டால் வரும் சாம்பல் பூஞ்சணமும் மூடிய அறையில் கட்டுக்குள் இருக்கும். பூச்சி மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது. இவை எல்லாம் உண்மையான நன்மைகள். நன்மை இல்லை என்று யார் சொன்னது? அந்த நன்மைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

இந்தத் தொழிலில் நமக்கு முன்னால் போனவர்கள் அமெரிக்காக்காரர்களும் ஜப்பான்காரர்களும். அவர்கள் கதையைத் தெரிந்துகொள்வது நமக்குப் பாதிப் படிப்பு.

நியூஜெர்சியில் ஓய்ஷி என்ற கம்பெனியை ஹிரோகி கோகா என்ற ஜப்பானியர் 2016-ல் தொடங்கினார். ஜப்பான் ரகத்தை நட்டு, தேனீக்களை விட்டு, விளக்கிலேயே பழம் எடுத்தார். ஆரம்பத்தில் எட்டுப் பழம் கொண்ட ஒரு பெட்டி 50 டாலர். ஆம், எடை கணக்கு இல்லை, எண்ணிக்கைக் கணக்கு! நியூயார்க்கின் பெரிய ஓட்டல்களும் பணக்காரர்களும் வாங்கினார்கள். பிறகு பண்ணையைப் பெரிதாக்கி, விலையை 20 டாலர் அளவுக்கு இறக்கினார்கள், அதற்குப் பிறகும் குறைத்தார்கள். ஜப்பானில் பழத்தைப் பரிசுப் பொருளாகப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விற்றார் என்று சொல்லலாம்.

பிளென்டி என்று இன்னொரு கம்பெனி. அதற்கு வந்த முதலீடு நூறு கோடி டாலரை நெருங்கியது. 2022-ல் வால்மார்ட்டே அதில் பணம் போட்டது. ஸ்ட்ராபெர்ரி வியாபாரத்தில் உலகப் பெயர் பெற்ற டிரிஸ்கால்ஸ் கம்பெனியோடு சேர்ந்து, 2024 செப்டம்பரில் வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையைத் திறந்தார்கள். 30 அடி உயரக் கோபுரங்களில் செடி. 40 ஆயிரம் சதுர அடிக்கும் குறைந்த இடத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் பவுண்டு, அதாவது சுமார் 18 லட்சம் கிலோ எடுப்போம் என்று அறிவித்தார்கள். ஆறு மாதம் கழித்து, 2025 மார்ச்சில், கடனை அடைக்க முடியாமல் திவால் சட்டத்தில் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். கலிபோர்னியாவில் இருந்த கீரைப் பண்ணையை மூடிவிட்டு, ஸ்ட்ராபெர்ரியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு பிழைத்து எழுந்தார்கள்.

ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் இதே போல் நீதிமன்றம் போனது. பவரி ஃபார்மிங் 2024 நவம்பரில் கதவையே மூடிவிட்டது. இவை முக்கியமாகக் கீரை வளர்த்த கம்பெனிகள். விவரம் தெரிந்தவர்கள், படித்தவர்கள், கேட்ட இடத்தில் பணம் கிடைத்தவர்கள். அவர்களே தடுமாறினார்கள் என்றால் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டாமா?

இதில் வியாபாரிக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிளென்டிக்காரர்கள் கீரையை விட்டுவிட்டு ஸ்ட்ராபெர்ரியைப் பிடித்துக்கொண்டது ஏன்? விளக்குச் செலவைத் தாங்கும் விலை கீரைக்குக் கிடைக்கவில்லை. ஸ்ட்ராபெர்ரிக்குக் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். அதாவது, எந்தச் சரக்கு எடைக்குக் கூடுதல் காசு தருகிறதோ அது மட்டுமே இந்த முறைக்குத் தாக்குப் பிடிக்கும். அந்த விலை கொடுக்கும் ஆள் நம் ஊரில் எத்தனை பேர் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். திட்டம் விற்க வருகிறவருக்கு அது தெரியாது.

கரண்ட் கணக்கு

இப்போது பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சதுர மீட்டர் செடித் தட்டு, அதாவது கிட்டத்தட்ட 11 சதுர அடி. ஸ்ட்ராபெர்ரி ஒழுங்காகக் காய்க்க வேண்டும் என்றால் இந்த இடத்துக்கு நல்ல எல்.இ.டி. விளக்கு நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் இழுக்கும். அந்த மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் நிற்கும். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏ.சி.க்கு அரை யூனிட் வையுங்கள். ஆக ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 2 யூனிட்.

நூறு சதுர மீட்டர் தட்டு போட்டால் நாளுக்கு 200 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,600 ரூபாய். வருடத்துக்கு 5 லட்சத்து 84 ஆயிரம் ரூபாய். சரி, மகசூல்? சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 8 கிலோ என்றால் மொத்தம் 800 கிலோ. வகுத்துப் பாருங்கள்: கிலோவுக்கு 730 ரூபாய் கரண்டுக்கு மட்டும்! கைதேர்ந்தவர் 10 கிலோ எடுத்தாலும் 584 ரூபாய்.

இதில் குடோன் வாடகை இல்லை. ஆள் கூலி இல்லை. நாற்று, உரம், டப்பா இல்லை. விளக்கும் ரேக்கும் ஏ.சி.யும் தேய்மானம் ஆவது இல்லை. போட்ட பணத்துக்கு வட்டி இல்லை. பழத்தில் கழிவு போவது இல்லை. இவ்வளவையும் சேர்த்தால் அடக்க விலை எங்கே போய் நிற்கும்?

எதிரே நிற்பது யார் என்று பாருங்கள். மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டம், மகாபலேஷ்வர், பஞ்ச்கனி. நாட்டில் விளையும் ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பகுதி அங்கிருந்து வருவது நம் பழ வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். 2010-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். மழை முடிந்து நட்டு, நவம்பர் கடைசியில் இருந்து ஏப்ரல் வரை பறிக்கிறார்கள். அவர்களுக்கு வெயிலும் இலவசம், குளிரும் இலவசம். சீசன் நடுவில், நான் மேலே சொன்ன கரண்ட் செலவில் பாதிக்கும் கீழே மொத்த விலை இறங்கும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நம் குடோன் பழத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? விலை இல்லை என்று விளக்கை அணைத்துவைக்க முடியுமா? அணைத்தால் செடி போய்விடும்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே சுமைகூலி வாங்குவது விளக்கு.

இளைஞர்கள் கேட்கும் கேள்விகள்

என் கடையிலேயே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். பதிலையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்று, எல்.இ.டி. விலை வருடா வருடம் இறங்குகிறதே என்பது. இறங்குகிறது, வாஸ்தவம். ஆனால் இறங்குவது பல்பின் விலை. அது குடிக்கும் கரண்ட் அதே வேகத்தில் இறங்காது. நல்ல விளக்கு இப்போதே தான் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஒளியாக மாற்றிவிடுகிறது. பாதிக்கு மேல் வந்த பிறகு ஏற இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது? நூற்றுக்கு நூறு என்ற கூரையைத் தாண்டி யாரும் போக முடியாது. குண்டு பல்பில் இருந்து எல்.இ.டி.க்கு மாறியபோது நம் கடை கரண்ட் பில் இறங்கியதே, அது மாதிரி இன்னொரு தடவை இறங்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

இரண்டு, சோலார் போட்டுவிட்டால் கரண்ட் இலவசம்தானே என்பது. ஒரு கிலோவாட் சோலார் நம் வெயிலில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதற்குச் சுமார் 100 சதுர அடி மாடி வேண்டும். நமக்கு வேண்டியது 200 யூனிட். அப்படியானால் 50 கிலோவாட், 5 ஆயிரம் சதுர அடி மாடி. எதற்கு? கீழே 1,075 சதுர அடி செடித் தட்டுக்கு! வெயிலைப் பேனலில் பிடித்து, மின்சாரமாக்கி, மறுபடி ஒளியாக்கிச் செடிக்குக் கொடுக்கிறோம். நடுவில் கை மாறும் இடத்தில் எல்லாம் கமிஷன் போகிறது. வெயிலில் ஐந்தில் ஒரு பங்குதான் பேனலைத் தாண்டி வரும். அதில் பாதியை விட்டால் கொஞ்சம் கூட விளக்கில் இருந்து வரும். இத்தனை தரகரை நடுவில் வைத்து எந்த வியாபாரியாவது சரக்கு வாங்குவாரா? அந்த 5 ஆயிரம் சதுர அடி மாடியில் விளையும் கரண்டை நம் குளிர்பதன அறைக்கே கொடுத்தால் மாதா மாதம் பில்லில் கண்ணுக்குத் தெரியும் மிச்சம் கிடைக்கும்.

மூன்று, விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் ஆயிற்றே என்பது. அது நிலத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புசெட்டுக்குக் கொடுக்கும் சலுகை. குடோனில் ஏ.சி.யும் விளக்கும் போட்டுவிட்டு அந்தச் சலுகை வரும் என்று யாராவது சொன்னால், மின்வாரியத்தில் இருந்து எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழ வியாபாரத்தில் நாம் போடும் முதல் வாரத்தில் ஒரு தடவையாவது சுற்றி வரும். இன்று இறக்கி, நாளை விற்று, மூன்றாம் நாள் பட்டுவாடா செய்து, மறுபடி கொள்முதலுக்குப் போகிறோம். நம் லாபம் முழுவதும் அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. ரேக்கிலும் விளக்கிலும் ஏ.சி.யிலும் போட்ட பணம் சுற்றாது. சுவரில் ஆணி அடித்த மாதிரி அப்படியே நிற்கும். சரக்குக்குப் பாக்கி சொல்லலாம், மின்வாரியத்துக்குப் பாக்கி சொல்ல முடியாது.

விளக்கு எங்கே பலன் தரும்?

இப்படிச் சொல்வதால் நான் புதுமைக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். விளக்கு எங்கே காசு கொடுக்கிறது என்று தேடிப் பார்த்தால் நமக்குத் தெரிந்த சரக்கிலேயே உதாரணம் இருக்கிறது.

டிராகன் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சந்தைக்கு அது முதலில் பெருவாரியாக வந்தது வியட்நாமில் இருந்துதான். அங்கே பின் துவான் என்ற பகுதியில் சீசன் இல்லாத மாதங்களில் தோட்டத்தில் இரவு நேரம் பல்பு எரிய விடுவார்கள். முன்பு குண்டு பல்பு, பிறகு எல்.இ.டி. பகல் குறைந்த மாதத்திலும் செடி "இரவு சிறிதாகிவிட்டது" என்று எண்ணிப் பூத்துவிடும். சாப்பாடு கொடுப்பது பகல் வெயில்தான். பல்பின் வேலை செடியை எழுப்பிவிடுவது மட்டும். அதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும். சீசன் இல்லாத காலத்து விலையில் அந்தச் செலவு தெரியவே தெரியாது.

ஜப்பானிலும் இதே கதைதான். அங்கே கிறிஸ்துமஸ் கேக்கில் ஸ்ட்ராபெர்ரி இல்லாமல் இருக்காது. அதனால் குளிர்காலத்தில் பழம் வேண்டும். பிளாஸ்டிக் கூடாரத்தில் செடி வைத்து, குளிர் மாதங்களில் இரவில் சில மணி நேரம் விளக்கு எரித்து, செடியைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஹாலந்தில் கண்ணாடிக் கூடாரத்தில் மேகம் மூடிய மாதங்களில் மட்டும் விளக்குப் போடுகிறார்கள். எல்லாம் வெயிலோடு சேர்ந்த விளக்கு.

விளக்கு மட்டுமே நின்று ஜெயித்த இடமும் ஒன்று உண்டு. அது நாற்று. நம் மண்டிக்கு வரும் ஜி-9 வாழைத்தார் இருக்கிறதே, அதன் கன்று முதலில் திசு வளர்ப்புக் கூடத்தில் பாட்டிலுக்குள், விளக்கு வெளிச்சத்தில்தான் வளர்ந்தது. ஒரு சின்ன அறையில் ஆயிரக்கணக்கான கன்று நிற்கும். ஒரு கன்றுக்கு விழும் கரண்ட் செலவு சொற்பம். வெளியே போய் வெயிலில் நின்று முப்பது கிலோ தார் போடுகிறது. ஜப்பானிலும் மூடிய அறையில் விளக்கின் கீழ் நாற்று வளர்த்து விற்பது வியாபாரமாகவே நடக்கிறது.

ஸ்ட்ராபெர்ரிக்கும் இது பொருந்தும். மகாபலேஷ்வர் விவசாயிகள் தாய்ச் செடியை வெளிநாட்டில் இருந்து வரவழைத்து, இங்கே கொடி ஓடவிட்டுப் பெருக்கித்தான் நடுகிறார்கள். சுத்தமான, நோய் இல்லாத நாற்றை உள்நாட்டிலேயே விளக்கறையில் வளர்த்துக் கொடுத்தால் அதற்குக் கிராக்கி இருக்கும். பிள்ளைகள் ஆசைப்பட்டால் அந்தப் பக்கம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

திட்டம் விற்பவர்களிடம் கேளுங்கள்

நம் தமிழ்நாட்டுக்கு இது புதிய அனுபவம் அல்ல. 1990-களில் தேக்கு மரம் நட்டுத் தருகிறோம் என்று பணம் வசூலித்தார்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கத்தில் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தன. எத்தனை குடும்பங்கள் நகையை விற்றுப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தன! தேக்கும் பொய் இல்லை, ஈமுவும் பொய் இல்லை. விளைந்ததை வாங்க ஆள் உண்டா என்பதுதான் பொய்யாகப் போனது. "விளைந்ததை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற வார்த்தையைக் கேட்டால் வியாபாரிக்கு உடனே காது விடைக்க வேண்டும். அவ்வளவு நல்ல லாபம் இருந்தால் அவர் ஏன் தன் பணத்தில் செய்யாமல் நம் பணத்தைத் தேடி வருகிறார்?

என்னிடமும் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, உங்கள் பழைய குடோன் ஒன்று போதும்" என்றார். வண்ணப் படங்கள் நிறையக் காட்டினார். ஒரு கிலோ பழத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் ஆகும் என்று மட்டும் கேட்டேன். அடுத்த வாரம் சொல்வதாகப் போனவர் அப்புறம் வரவில்லை.

உங்களிடம் வந்தால் நீங்களும் இவற்றைக் கேளுங்கள்:

1. ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட்? விளக்குக்கு எவ்வளவு, ஏ.சி.க்கு எவ்வளவு?

2. இதே ஊர் வெப்பத்தில், ஒரு கோடைக்காலம் முழுவதும் நடந்த பண்ணை எங்கே? அதன் கரண்ட் பில்லைக் காட்ட முடியுமா?

3. நட்ட எத்தனையாவது மாதம் முதல் பழம்? அதுவரை செலவு யாருடையது?

4. ஜனவரி, பிப்ரவரியில் மகாபலேஷ்வர் பழம் வந்து குவியும்போது என்ன விலைக்கு விற்பீர்கள்?

5. திரும்ப வாங்கிக்கொள்வதாக இருந்தால் அதற்கு வங்கி உத்தரவாதம் கொடுப்பீர்களா?

ஐந்துக்கும் எழுத்தில் பதில் கொடுக்கிறவர் வந்தால் அவரோடு உட்கார்ந்து பேசலாம். தப்பில்லை.

ஜூன் முதல் அக்டோபர் வரை மகாபலேஷ்வரில் அடை மழை. அந்த மாதங்களில் புதுப் பழத்துக்குப் பஞ்சம். ஐந்து நட்சத்திர ஓட்டல், பெரிய கேக் கடை என்று பத்து இருபது பேர் என்ன விலையும் கொடுத்து வாங்கலாம். கையில் உபரிப் பணமும் பொறுமையும் இருந்து, அந்தப் பத்து இருபது பேரிடம் முன்கூட்டியே ஆர்டரும் வாங்கிவிட்டவர் சின்ன அளவில் செய்து பார்க்கட்டும். ஆனால் சாதாரண கேக் கடைக்காரர் உறைய வைத்த பழத்தையும் கிரஷ்ஷையும் வைத்தே காரியத்தை முடித்துவிடுகிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது

அறைப் பண்ணைக்காரர்களிடம் இருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் பழத்துக்கு அந்த விலை வாங்குவது விளக்கினால் அல்ல. ஒரே அளவு, அடிபடாத பழம், பறித்த உடனே குளிர்ச்சி, சுத்தமான டப்பா, பறித்த தேதி. இவற்றால்தான் அந்த விலை. இவற்றில் எதற்குமே விளக்குத் தேவையில்லை.

ஸ்ட்ராபெர்ரியைப் பறித்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர வைத்து, பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் ஈரப்பதம் குறையாமல் வைத்தால் ஐந்து முதல் ஏழு நாள் வரை தாங்கும். நம் மலையில், கொடைக்கானலிலும் ஊட்டியிலும், கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பழம் விளைகிறது. வெயிலும் குளிரும் அங்கே இலவசம். அங்கிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ ஓர் இரவுப் பயணம். ஆனால் பறித்த இடத்தில் குளிர வைக்க வசதி இல்லாமல், சாதாரண வண்டியில் மற்றப் பெட்டிகளோடு ஏறி, கீழே வந்து சேரும்போது பாதி நசுங்கிக் கசிகிறது. அந்தச் சேதாரம் விவசாயி தலையிலும் விழுகிறது, நம் தலையிலும் விழுகிறது.

ஒரு குடோனுக்கு விளக்குப் போடும் பணத்தில், மலையடிவாரத்தில் நாலைந்து வியாபாரிகள் சேர்ந்து ஒரு சின்னக் குளிர்பதன அறையும் ஒரு குளிர்பதன வண்டியும் வைக்கலாம். அதில் ஸ்ட்ராபெர்ரி மட்டும் அல்ல, பிளம்ஸ், பேரிக்காய், கேரட், பீன்ஸ் எல்லாம் ஏறும். ஒரு பயிர் பொய்த்தாலும் வண்டி ஓடும். பணம் சுற்றும். விவசாயிகளுக்கு மழைக்கூடாரம் போட முன்பணம் கொடுத்து, நல்ல ரக நாற்றுக்கு ஏற்பாடு செய்தால் சரக்கும் நம்மைத் தேடி வரும்.

நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிபுணர் ஒருவரை அழைத்து இது பற்றிப் பேசச் சொல்ல வேண்டும். மின் செலவுக் கணக்கை உறுப்பினர்கள் முன்னிலையில் போட்டுக் காட்ட வேண்டும். திட்டம் விற்க வருகிறவர்களையும் அதே மேடைக்கு அழைப்போம். என் கணக்கில் பிழை இருந்தால் அவர்கள் எடுத்துக் காட்டட்டும். நான் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.